காய்ச்சல் விட்ட நான்காம் நாள்

விடிகாலையில் தர்ஷினியின் நெற்றி கொதித்தது. நான்கு வயது மகள். மலேசியாவில், கூலிம் தொழிற்சாலையில் எனக்குக் காலை ஷிப்டு. காய்ச்சல் மருந்தைக் கொடுத்து, அரைமணி நேரம் கழித்துத் தாஸ்காவுக்கு (குழந்தைகள் காப்பகம்) தூக்கிப்போனேன்.

அந்த அரைமணி நேரம் எங்கள் வித்தை. தாஸ்கா வாசலில் நெற்றிக்கு நேரே சூடு பார்க்கும் கருவியைக் காட்டுவார்கள். சூடு இருந்தால் பிள்ளையைச் சேர்க்கமாட்டார்கள். ஷிப்டுக்குப் போகும் அம்மாக்கள் பலருக்கும் இது தெரியும். என்னைத் திட்டுங்கள், தாங்கிக்கொள்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டால் முகம் சுளிக்கிறவர்களையும் சேர்த்துத் திட்டுங்கள்.

மூன்று நாள் இப்படியே ஓட்டினேன். நான்காம் நாள் மருந்து கொடுக்காமலேயே சூடு இல்லை. அப்பாடா என்று வேலைக்குப் போனேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மத்தியானம் தாஸ்கா அக்கா போன் செய்தார். "காய்ச்சல் இல்லலா. ஆனா ரெண்டு தடவ வாந்தி. வயிறு வலிக்குதுன்னு சுருண்டு படுத்திருக்கா. கூப்பிட்டா கண்ணத் தொறக்க மாட்டேங்குறா."

சூப்பர்வைசரிடம் ஓடினேன். "காய்ச்சல்தான் இல்லையே, ஷிப்டு முடிஞ்சி போலாம்லா" என்றார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மருத்துவமனையில் டாக்டர் அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சில்லிட்டிருந்தது. "கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனா?"

எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை.

டிங்கி (டெங்கு, கொசு பரப்பும் காய்ச்சல்). "இதுல காய்ச்சல் விடுறப்பதான் ஆபத்து. ரத்தக் குழாயிலேர்ந்து நீர் கசியும். வாந்தி, வயித்துவலி, சோர்வு, கைகால் சில்லிப்பு, ஒண்ணுக்குப் போகாம இருக்கிறது, இதுல ஒண்ணு வந்தாலும் உடனே தூக்கிட்டு வரணும். மூணு நாள் காய்ச்சலுக்கே ரத்தம் பாத்திருக்கணும்மா."

இரண்டு நாள் நரம்பு வழியாக நீர் ஏற்றினார்கள். மணிக்கொரு தரம் நாடி பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில், "அம்மா, ஒண்ணுக்கு வருது" என்றாள். வார்டில் எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதேன்.

இப்போது அவள் நன்றாக ஓடியாடுகிறாள். நான்தான் பழையபடி இல்லை. கடிகாரத்தைப் பார்த்தால் மணி தெரிவதில்லை. அவள் தண்ணீர் குடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதுதான் தெரிகிறது.

போன மாதம் ஒரு நாள் காலையில் சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். "இன்னிக்கு வர முடியாது சார். பிள்ளைக்கு வாந்தி. தண்ணி குடிக்கல, ராத்திரியிலேர்ந்து ஒண்ணுக்கும் போகல."

"காய்ச்சல் எவ்வளவு?"

"காய்ச்சல் இல்ல சார்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினேன்.