தீர்த்து எழுதிய பிறகும் மனைவிதான்

முருகனை நம்பும் சொந்தங்களே, போன புரட்டாசி மழையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது வழுக்கி விழுந்தேன். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு என்னால் மலையேற முடியவில்லை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. அப்புத்தளைப் பக்கத்தில் தோட்டத்து லயத்தில், தம்பியின் ஒற்றை அறை வீட்டில் ஒரு மூலையில் கிடந்தேன். தம்பி பெண்சாதி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. ஆனாலும் அவள் சோறு போடும்போதெல்லாம் பாதியிலேயே கையைக் கழுவிவிடுவேன்.

ஐப்பசியில் என் வீட்டுக்காரர் இறந்த செய்தி வந்தது. அப்போது அவரை வீட்டுக்காரர் என்று சொல்லவும் எனக்கு வாயில்லை. அவர் ரயில் பாதையில் அரசாங்க வேலை பார்த்து பென்ஷன் எடுத்தவர். பதினொரு வருஷத்துக்கு முன்பே நாங்கள் பிரிந்துவிட்டோம். சம்பளத்தையெல்லாம் பண்டாரவளையில் அவருடைய அக்கா வீடு கட்டக் கொடுக்கிறார் என்று சண்டை. அவருக்கு வாய் நீளம், எனக்கு அதைவிட நீளம். கடைசியில் கோயில் கமிட்டி முன்னால் தீர்த்துக்கொள்வதாகத் தாள் எழுதி, தாலியைக் கழற்றி வைத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். எங்கள் தோட்டத்தில் அதோடு கல்யாணம் தீர்ந்தது. அவர் அக்கா வீட்டுக்கே போய்விட்டார்.

சாவுக்கு நான் போகவில்லை. தீர்த்துக்கொண்டவள் எந்த முகத்தோடு போவது?

காரியம் முடிந்ததும் தம்பி அந்த அக்காவிடம் பென்ஷனைப் பற்றிக் கேட்டுப் பார்த்தான். தாலியைக் கழற்றி வைத்தவளுக்கு என்ன பென்ஷன் என்று கேட்டு அனுப்பிவிட்டார். அது நியாயம்தான் என்று நானும் நினைத்தேன். இனி எதற்கு உயிரோடு இருக்கிறேன் என்றுகூடத் தோன்றியது.

அந்த வெள்ளிக்கிழமை தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். "முருகா, எனக்குப் பாத்தியம் இல்லைன்னா இந்த ஆசையை எடுத்துடு. இருக்குன்னா யார் வாயிலயாவது சொல்லு" என்று அழுதேன்.

அடுத்த வாரமே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அரசாங்க அதிகாரிகளே வந்து நடமாடும் சேவை வைத்தார்கள். அடையாள அட்டையில் பெயரைத் திருத்தப் போனேன். அங்கே பதுளையில் இருந்து வந்திருந்த அதிகாரி, ஒரு முஸ்லிம் மிஸ், கல்யாணம் ஆனவரா என்று கேட்டார். தீர்த்துக்கொண்டோம், இப்போது அவரும் இல்லை என்றேன்.

"கோர்ட்டுல தீர்ப்பு எடுத்தீங்களா?"

"இல்லைங்க மிஸ். கோயில்ல எழுதிக்கிட்டோம்."

"பதிஞ்ச கல்யாணமா?"

"ஆமாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நீங்க இன்னமும் அவரு மனைவிதாம்மா. பதிஞ்ச கல்யாணத்தைக் கோர்ட்டு மட்டுந்தான் பிரிக்கலாம். விதவைப் பென்ஷனுக்கு எழுதிப் போடுங்க."

இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். கேட்டது முருகன் வாக்கு என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

கல்யாணச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம் என்று அலைந்தோம். மூன்றாவது தடவை பிரதேச செயலகத்துக்குப் போனபோது அவருடைய கோப்பைத் திறந்து காட்டினார்கள். நாலு வருஷத்துக்கு முன்பு, ஓய்வு பெறும்போது, அவர் கையால் நிரப்பிய படிவம். மனைவி என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. நாங்கள் தீர்த்து எழுதி ஏழு வருஷம் ஆன பிறகு எழுதியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

தை மாதம் பென்ஷன் வந்தது. நேரே அவர் அக்கா வீட்டுக்குப் போனேன். பொய் சொல்லக் கூடாது, நாலு வார்த்தை கேட்கத்தான் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோர்ட்டுல போய் வெட்டிவிட்டுடுன்னு நான்தான் அவன்கிட்ட தலையால அடிச்சுக்கிட்டேன். அது மட்டும் வேணாம்க்கா, வயசான காலத்துல அவளுக்கு யாரு இருக்கான்னு சொல்லிட்டான்."

இரண்டு பேரும் அழுதோம். என் வீட்டுக்காரர் திதியை இனி சேர்ந்துதான் கொடுக்கப் போகிறோம். என் வாயும் இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

முருகன் கேட்டதைக் கொடுத்தான். உங்களுக்கும் கொடுப்பான், நம்பிக் கேளுங்கள். கும்பிட்டுவிட்டு, ஆபீசுக்கும் போய்க் கேளுங்கள். கோபத்தில் பிரிந்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால், உயிரோடு இருக்கும்போதே ஒரு தடவை போய்ப் பாருங்கள். இங்கேயிருந்து பண்டாரவளைக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அவரைப் பார்க்கப் பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அதில் ஏறவில்லை.