அம்பாவில் மாட்டிக்கொண்டவன்

இன்று காலை எங்கள் கட்டடத்து லிஃப்ட் வழக்கம்போல் மூன்றாம் மாடியில் நின்று தியானத்தில் இறங்கிவிட்டது. ஐந்தாம் மாடிக்கு உடுப்புத் தோய்க்கும் மெஷின் கொண்டுவந்த இரண்டு பொடியன்கள் அதைக் கயிற்றால் கட்டிப் படிவழியே இழுத்தார்கள். நான் இந்தக் கட்டடத்தின் போர்த்தியேரே, வாசல் பார்க்கிறவன். கீழே நின்று மேற்பார்வை செய்யும் என் கடமையைக் குறைவில்லாமல் செய்தேன். ஆனால் இரண்டு பேரின் காதிலும் பாட்டுக் கேட்கும் வெள்ளைக் குமிழ், வாயில் ஒரு சத்தமும் இல்லை. கயிறு இழுக்கிறவன் வாயை மூடிக்கொண்டிருப்பதை என்னால் பார்க்க முடியாது. உப்பில்லாத சொதியைக் குடிக்கிற மாதிரி. என்னை அறியாமல் "ஏலோ!" என்று ஒரு குரல் விட்டேன். பொடியன் திடுக்கிட்டு மெஷினை என் தலைமேலேயே விடப் பார்த்தான்.

பொறுங்கள், அந்த ஏலோவைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றில். பெயர் வேண்டாம், ஊரில் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். எங்கள் தொழில் கரைவலை. வலையைத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக இறக்கிவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இழுப்போம். ஒரு கயிற்றுக்கு இருபது பேர். நடுவில் மடி என்கிற பை. மீன் அதற்குள்தான். நார்க்கயிற்றில் ஊறிய உப்பும் காய்ந்த நெத்தலியும் சேர்ந்த மணத்தை எத்தனை சவர்க்காரம் போட்டாலும் கையிலிருந்து எடுக்க முடியாது. கலியாணப் பேச்சுக்கு வந்த பெண் வீட்டார் என் அண்ணனின் கையைத்தான் முதலில் மணந்து பார்த்தார்கள் என்பார்கள். அதை விடுங்கள்.

இழுக்கும்போது பாடுவது அம்பா. முன்னுக்கு நிற்பவர் ஓர் அடி பாடுவார், மற்றவர்கள் ஏலோ என்று சொல்லி ஓர் எத்து, அதாவது ஒரே தம்மில் ஓர் இழுப்பு, இழுப்பார்கள். முதல் அடிகள் மாதாவுக்கும் அந்தோனியாருக்கும். கயிறு பாரமாகப் பாரமாகப் பாட்டு அடுத்த வீட்டுக்காரன் பக்கம் திரும்பும். புனிதர்களால் அசையாத வலை ஊர்க்கதைக்கு அசையும். அதனால் மிகவும் கேவலமான அடியை மடி கரையேறும் கடைசி நேரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

எங்கள் கரையில் அந்தக் கடைசி அடி நான்.

எனக்குப் பதினாறு வயது. ஒருநாள் விடியப்புறம், வலைக்குள் கறுப்பாக, தலைமயிர் மாதிரிப் பாசியோடு ஒன்று புரண்டு வந்தது. மற்றவர்கள் அது என்ன என்று பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. பிணமென்று கயிற்றை விட்டுவிட்டுக் கோயில்வரைக்கும் ஓடி, மணியைப் பிடித்து அடித்தேன். தோணி கவிழ்ந்ததென்று முழுத் தீவும் கரைக்கு ஓடிவந்தது. அங்கே கிடந்தது ஒரு தென்னங்குற்றி, வெறும் மரத்துண்டு. அம்பா பாடும் சூசை அண்ணை அடுத்த நாளே அடி கட்டிவிட்டார்:

குத்தியைக் கண்டானாம் — ஏலோ
கோயிலுக்கு ஓடினானாம் — ஏலோ
மணியைப் போட்டடிச்சானாம் — ஏலோ
மாதாவே எழும்பினாவாம் — ஏலோ

நான்கு வருடம் என் மானம்தான் அந்த வலையைக் கரைக்கு இழுத்தது. இத்தாலிக்கு வந்ததற்கு யுத்தம்தான் காரணமென்று தஞ்சம் கேட்ட இடத்தில் சொன்னேன். அது உண்மை. முழுவதையும் எழுத அந்தப் படிவத்தில் இடம் போதாது.

பலெர்மோவில் எட்டு மாதம் நிம்மதியாக இருந்தேன். ஒன்பதாம் மாதம் தமிழ்ப் பூசையில் முன்வரிசை வாங்கிலிருந்து ஒரு தலை திரும்பியது. "டேய் மணி! நீயும் இஞ்சையோ?" கோயில் மணியடித்த நாளிலிருந்து ஊரில் எனக்கு அந்தப் பட்டம்தான். சூசை அண்ணை! நகருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டத்தில் மாண்டரின் தோடம்பழம் பிடுங்குகிறாராம். "பயப்பிடாதை, இஞ்சை தென்னை இல்லை" என்றார்.

பல வருடம் கழித்து வந்தவள் ஊனா. நாலாம் மாடியில் வாடகைக்கு இருந்த ஐரிஷ்காரி. பொலிதேயாமா அரங்குப் பக்கம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தாள். பின்னேரங்களில் கொன்சர்ட்டினா வாசிப்பாள். ஆர்மோனியத்தைப் பிடித்துக் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கி, இரண்டு பக்கமும் இழுத்து மூச்சு வாங்க வைத்தால் அதுதான் கொன்சர்ட்டினா. ஒருநாள் படி துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே அவள் ஏதோ வாசிக்க, என் கைகள் துடைப்பத்தைத் துடைக்கிற மாதிரிப் பிடிக்காமல் இழுக்கத் தொடங்கிவிட்டன. ஓர் எத்து, ஓர் ஓய்வு. ஓர் எத்து, ஓர் ஓய்வு.

கதவைத் தட்டிக் கேட்டேன். அயர்லாந்துக் கரையோரம் உள்ள தன் சின்னத் தீவில் படகுகளைக் கரையேற்றும்போது பாடிய பாட்டு என்றாள். மீன் குறைந்தது, படகுகள் போயின, சொற்களும் போய்விட்டன. மெட்டை மட்டும் வாத்தியக்காரர்கள் ஆட்டத்துக்கு வாசித்து வாசித்துக் காப்பாற்றி வைத்திருக்கிறார்களாம். அந்த மெட்டைக் கேட்டால் எந்தக் குடாவில் எந்த மீனுக்குப் போனார்கள் என்றுகூடத் தன் ஊர் ஆட்கள் சொல்வார்களாம். "உங்கள் தீவில் இப்படி இருக்கிறதா?" என்று கேட்டாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நூறு இருக்கு!" என்றேன்.

அவள் கண்கள் நனைந்தன. எங்கள் கோயிலின் பங்கு மண்டபத்தில் இரண்டு தீவுகளுக்குமாக ஒரு மாலை, தன் ஊரிலிருந்து இரண்டு வயலின்காரர்கள், எல்லாம் ஒலிப்பதிவு, நான் மேடை மொழிபெயர்ப்பாளன் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டாள். படியிறங்கும்போதுதான் எனக்கு வேர்த்தது. அம்பாவை முழுதாகத் தெரிந்தவர் சூசை அண்ணை ஒருவர்தான். அவரோ மூன்று கிழமையில் மகளோடு இருக்க லண்டனுக்குப் போகிறார். இப்போது பதியாவிட்டால் எங்கள் கரையின் பாட்டு அத்தோடு சரி. பதிந்தாலோ, அதற்குள் நான் கோயிலுக்கு ஓடிக்கொண்டேயிருப்பேன், உலகம் உள்ளவரை.

அண்ணையிடம் போனேன். "பங்குச் சுவாமியும் வருவார் அண்ணை. மாதா, அந்தோனியார் அடி மட்டும் காணும், மற்றது வேண்டாம்."

"ஓமடா," என்றார். "உன்ரை பக்தி எனக்குத் தெரியாதே?"

ஒத்திகையில் வேறொரு சங்கடம். கதிரையில் இருத்தினால் அண்ணைக்கு முதல் அடியைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. "கை சும்மா இருக்க வாய் என்னெண்டடா வரும்?" பல்லரோச் சந்தையில் கயிறு வாங்கித் தூணில் கட்டினோம். "தூண் வராது எண்டு எனக்கும் தெரியும், அதுக்கும் தெரியும். பிறகென்னத்துக்குப் பாடுறது?" கடைசியில் தார்ப்பாயில் மாண்டரின் பெட்டிகளை அடுக்கி, மண்டபத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுத்தோம். பாட்டு வந்தது, மழைபோல. ஊனா ஆட்ட வேகத்தில் தொடர்ந்தாள். அண்ணை கயிற்றை விடாமலே திரும்பிச் சொன்னார்: "பிள்ளை, உந்த வேகத்திலை இழுத்தா வலை கிழியும்." நான் மொழிபெயர்த்தேன். அவள் சிரித்து, அவருடைய முதுகைப் பார்த்து வாசிக்கப் பழகிக்கொண்டாள்.

அன்று மாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் சுவாமி, பக்கத்தில் எங்கள் கட்டடத்து இத்தாலியச் சீமாட்டிகளான சிஞ்ஞோராக்கள், என் மனைவி. எங்கள் தீவு ஆட்கள் எட்டுப் பேர் கயிற்றில். மாதா அடி போனது, அந்தோனியார் போனார். மேடைக்கு ஆறடி இருக்கும்போது தரையோட்டின் விளிம்பில் பெட்டிகள் சிக்கி நின்றுவிட்டன. அந்த இடத்தில்தான் என் அடி வரவேண்டும். அண்ணை என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாராம், மகாராசன்.

அந்த இடத்துக்கு வேறு அடி இல்லை. எட்டுப் பேரும் ஏலோவுக்குக் காத்து முறுகி நின்றார்கள். ஊனா அதே துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். வயலின்காரர்களும் சுற்றினார்கள். அவள் பார்வை முழுக்க என்மேல். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவளுடைய ஊரில் சொற்கள் காணாமல் போனதும் இப்படித்தான் இருக்கும். யாரோ ஒருவன் வெட்கப்பட்டிருப்பான்.

ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது. குரல் தகரமாக, நான் பாடினேன். "குத்தியைக் கண்டானாம்..."

"ஏலோ!" பெட்டிகள் துள்ளி எழும்பின. கயிற்றில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் ஒருவருக்குக் கண்ணீர். "கோயிலுக்கு ஓடினானாம்" என்று அண்ணை என்னிடமிருந்து பாட்டைப் பறித்துக்கொண்டார். மாதா எழும்பவும் பெட்டிகள் மேடையில் முட்டவும் சரியாக இருந்தது. பாட்டு நின்றது. மடி வந்தால் நிற்கும், அதற்கு முன் நிற்காது.

"என்ன அர்த்தம்?" என்று சுவாமி ஆவலோடு கேட்டார். "கடலில் ஓர் அடையாளத்தைக் கண்ட இளைஞன் ஆலயத்துக்கு விரைந்தான், அன்னை அவனுக்காகக் கண் திறந்தாள்" என்று இத்தாலிய மொழியில் சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். என் மனைவி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இருபது வருடம் நான் அவளுக்குச் சொல்லாத கதை அது.

அண்ணை சொன்ன நாளில் லண்டன் போனார். இரண்டு மாரிக்குப் பிறகு அங்கேயே அடக்கம். கயிறு பிடித்த மற்றவர்கள் ஜெர்மனி, கனடா என்று ஆளுக்கொரு குளிரில். ஊனா தன் தீவுக்குத் திரும்பிவிட்டாள். அங்கே பிள்ளைகள் எங்கள் அம்பா மெட்டைப் பழகுகிறார்களாம். யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரை மெட்டுக்கு வைப்பது அவர்கள் வழக்கம். என் பெயர் வாயில் நுழையாததால் "போர்த்தியேரேயின் ஓட்டம்" என்று வைத்திருக்கிறார்கள். ஊரில் மச்சானுக்குப் போன் எடுத்து இப்போது யார் அம்பா பாடுவது என்று கேட்டேன். "ட்ராக்டர் இழுக்குது. அதுக்கு ஆர் பாடுறது?" என்றான்.

முப்பது வருடம் வெளியார் ஒருவருக்கும் தெரியக்கூடாதென்று நான் ஒளித்துவைத்த கதை. அந்தக் குற்றியைக் கண்டவர்களில் இந்த நகரத்தில் மிச்சம் நான் ஒருவன். இப்போது பார்சல் கொண்டுவரும் ஆளைக்கூட மறித்துவைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். கதையில் நான் கோயில் வாசலுக்குப் போய்ச் சேருமுன்பே அவன் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான்.