தேதியின் மேல் ஒட்டிய தேதி

சிப்பிகாட் பக்கம் ஒரு சின்ன ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை கிடைத்தது. முதல் வாரமே மேனேஜர் சொல்லிவிட்டார்: "தோடா, கொஞ்சமாவது மேக்கப் போட்டுட்டு வாங்கம்மா. கெஸ்ட் முதல்ல பாக்கிறது உங்க முகத்தத்தான்."

என்னிடம் இருந்தது ஒரு பவுடர் டப்பா, காய்ந்துபோன ஒரு மை. அம்மா சிகிச்சைக்காகச் சென்னையில் இருந்தார்; அப்பாவும் அவரோடு தங்கியிருந்தார். ஜங்லிகாட் வீட்டில் நானும் பிளஸ் டூ படிக்கும் தங்கையும்தான். என் சம்பளத்தில் பாதி மருந்துக்குப் போய்விடும்.

போனில் மலிவாக எதைத் தொட்டாலும் எங்கள் தீவின் பின்கோடுக்கு டெலிவரி இல்லை என்றே வந்தது. ஒரே ஒரு விற்பனைப் பக்கம் மட்டும் அனுப்புகிறேன் என்றது. ஃபவுண்டேஷன், காஜல், லிப்ஸ்டிக் மூன்றும் சேர்த்து பாதி விலை. ஆனால் பணத்தை முன்னாலேயே கட்ட வேண்டும். கட்டிய பிறகு கேள்வி கேட்டு அனுப்பினால் பதிலில்லை. கப்பலில் வருகிறது போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மூன்று வாரம் தினமும் போனைத் திறந்து பார்த்தேன்.

பார்சல் வந்த மாலை எனக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். அட்டைப்பெட்டிகளை போட்டோ எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்க்கலாம் என்று அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் மதியம் மேசையில் கூட்டமில்லை. அந்த போட்டோவைச் சும்மா பெரிதாக்கிப் பார்த்தேன். காஜல் பெட்டியில் காலாவதித் தேதி அச்சாகவில்லை; வெள்ளை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்த இடத்தில் அடியில் வேறொரு தேதி. ஆண்டின் கடைசி இரண்டு எண்கள்தான் தெரிந்தன. அது எப்போதோ முடிந்த ஆண்டு.

அன்று மாலை தங்கைக்குப் பள்ளியில் ஃபேர்வெல். அவள் அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியைத்தான் எடுப்பாள் என்று தோன்றியது. மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அம்மாவிடம் என்ன சொல்வது என்பதே மனதில் ஓடியது.

தங்கை சேலை கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தாள். இடது கண் சிவந்து நீர் வடிந்தது.

"அக்கா, கோவிச்சுக்காத. உனக்குத்தான் வாங்குனதுன்னு தெரியும். கொஞ்சூண்டுதான் போட்டேன். ஒரே ஜலனா, எரிச்சலா இருக்கு."

அழுத்தித் தேய்க்கப் போனவளின் கையைப் பிடித்தேன். மாடியில் குடியிருக்கும் வங்காள அக்கா, எங்களுக்குத் தீதி, பார்லர் வைத்திருப்பவர். என் சத்தம் கேட்டு இறங்கி வந்தார்.

"ரகட்னா மத்! தேய்க்காதே. பானி ஊத்து, ஊத்திட்டே இரு."

கால் மணி நேரம் கண்ணில் தண்ணீர் ஊற்றினோம். பிறகு தீதியே ஸ்கூட்டியில் முன்னால் போக, நாங்கள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கண்ணைப் பார்த்து முடிக்கும்வரை நான் தங்கையின் கையை விடவில்லை.

"பார்வைக்கு ஒண்ணும் இல்ல. சொட்டு மருந்து விடுங்க. தேதி மாத்துன, சீல் இல்லாத சாமானக் கண்ணுகிட்ட கொண்டுபோகாதீங்க," என்றார்.

தங்கை ஃபேர்வெலுக்குப் போகவில்லை. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் திட்டவில்லை. எனக்குத்தான் திட்டு விழ வேண்டியது என்று தோன்றியது. மூன்றாம் நாள் சிவப்பு போய்விட்டது. அந்த விற்பனைப் பக்கத்துக்கு போட்டோவோடு புகார் அனுப்பினேன். என்னை பிளாக் செய்துவிட்டார்கள். போட்ட பணம் போனதுதான்.

அடுத்த மாதம் தீதி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். கம்பெனியின் சொந்தக் கடைதானா என்று பார். ஒரே ஒரு பொருள், அதுவும் சின்ன அளவில் வாங்கு. வந்த பிறகு பணம் கொடு. பெட்டியிலும் குப்பியிலும் பேட்ச் நம்பர் ஒன்றா என்று பார். அப்படி ஒரு லிப்ஸ்டிக் வந்தது. சீல் சரி, நம்பர் சரி, தேதி அச்சில் இருந்தது. அரிப்பு ஏதும் வருகிறதா என்று பார்க்க முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிக்கொண்டு வேலைக்குப் போனேன். மேசைக்கு அடியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே அன்று முழுவதும் கெஸ்ட்டுகளுக்கு ரூம் சாவி கொடுத்தேன்.

மாலையில் தங்கை கையைப் பிடித்துப் பார்த்தாள். "குச் நஹி ஹுவா, அக்கா. நாளைக்குப் போட்டுக்கோ."

ஒன்றும் ஆகவில்லைதான். ஆனாலும் நான் இன்னொரு நாள் பொறுத்தேன்.