மடி மாறிய பை

கோயமுத்தூர் என்றால் குளுகுளு என்று வெளியூர்க்காரர்கள் இன்னமும் சொல்கிறார்கள். அவர்களை மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு, காந்திபுரத்தில் சோமனூர் பஸ்ஸுக்கு நிற்க வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மாதம் ஒருமுறை நான் அப்படி நிற்பேன். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. பெரியாஸ்பத்திரியில் இன்சுலின் வாங்கிவருவது என் வேலை. அவருக்குத் தறிக்குடோனில் பகல் ஷிப்ட். வெயிலில் கொஞ்சம் அலைந்தாலும் கண்ணைக் கட்டிவிடும். அந்த மருந்துக்கோ அவரைவிட வெயில் ஆகாது. கெட்டுப்போனாலும் பார்க்க அப்படியேதான் இருக்கும். போன கோடையில் கெட்டது தெரியாமல் போட்டுக்கொண்டு, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதிலிருந்து குப்பிகளை எவர்சில்வர் டப்பாவில் வைத்து, ஈரத்துணி சுற்றி, மஞ்சப்பையில் எடுத்துவருகிறேன். துணி காயக் காயப் பாட்டில் தண்ணீரை ஊற்ற வேண்டும்.

அன்றைக்கு பஸ் வரவேயில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு வாய் என்று பாட்டிலைத் திறந்தவள், முழுசாகக் குடித்துவிட்டேன். வேறு பாட்டில் வாங்கலாம் என்று திரும்பினால் பஸ் வந்து நிற்கிறது. ஏறிவிட்டேன்.

எள் விழ இடமில்லை. இந்தப் பக்கத்து பஸ்களில் நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். நான் மட்டும் கொடுக்க மாட்டேன். எனக்கு யார் மேலும் அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வராது. சாமியே வந்து கேட்டாலும் பையைத் தர மாட்டாய் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆனால் டிரைவர் இரண்டாவது முறை பிரேக் அடித்தபோது டப்பா கம்பியில் இடித்தது. ஜன்னலோரம் இருந்த கண்ணாடி போட்ட அம்மா கையை நீட்டினார்.

“இப்படிக் குடு அம்மணி. நீ உழுந்து எந்திரிக்கறதுக்குள்ள ஊரே வந்துரும்.”

கொடுத்தேன். மருந்து, வெயில் படக்கூடாது, துணி காயக்கூடாது என்று அதிகாரம் வேறு செய்தேன். தண்ணீரைக் குடித்தவள் நான். சொல்லும்போதே கூசியது.

பீளமேட்டில் கல்லூரிக் கூட்டம் ஏறி என்னைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. சின்னியம்பாளையம் தாண்டும்போது வெளியே பார்க்கிறேன், அந்த அம்மா குடை பிடித்துக்கொண்டு ரோட்டில் நடந்து போகிறார். மஞ்சப்பை இருக்கிறதா என்று முன்னால் நின்றவளைக் கேட்டேன். அவள் அடுத்தவளைக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில், பை அங்கேதான் இருக்கிறது என்று பதில் அதே வழியாகத் திரும்பி வந்தது. நான் நம்பவில்லை. இருந்தால் மட்டும் என்ன? அந்த ஜன்னலில் நேர் வெயில். துணி எப்போதோ காய்ந்திருக்கும். மறுபடி ஆஸ்பத்திரிக் கட்டில்தான் என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

கருமத்தம்பட்டியில் கூட்டம் இறங்கியதும் முன்னால் ஓடினேன். அதே இருக்கையில் மில் யூனிபார்ம் போட்ட ஒரு பெண். இருபது வயது இருக்கும். பை அவள் மடியில் இருந்தது, மேலே அவள் துப்பட்டா. பைக்குள் கையை விட்டேன். துணி ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

“மொதல்ல இருந்த அம்மா சொல்லிப்போட்டுத்தானுங்க எறங்குனாங்க. துணி காஞ்சிருந்துச்சு, ஊத்துனனுங்க்கா.”

அவள் காலடியில் காலி பாட்டில் கிடந்தது. வெயில் பட்டு முகம் கன்றியிருந்தது. நீ குடித்தாயா என்று கேட்டேன். வீட்டுக்குப் போய்க் குடித்துக்கொள்வதாகச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. வியர்வையைத் துடைக்கிற மாதிரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சோமனூரில் இறங்கியதும் அவளுக்குத் தண்ணீர் வாங்கித் தர நினைத்தேன். அதற்குள் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

தறிக்குடோன் ஸ்டாப்பிங் பக்கத்திலேயே இருக்கிறது. டீக்கு வெளியே வந்திருந்த வீட்டுக்காரர் பையை வாங்கி, டப்பாவைத் தொட்டுப் பார்த்தார்.

“ஜில்லுன்னு இருக்குது. வழி பூரா ஊத்தீட்டே வந்தயாட்ட இருக்குது?”

“நம்ம தண்ணிய நான் குடிச்சுப்போட்டனுங்க. இது ஒரு புள்ள, அது குடிக்காம ஊத்துனதுங்க.”