அரண்மனையை அளந்த கால்

மைசூர் அரண்மனைக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். என் அப்பா மட்டும் தரையைப் பார்த்தபடியே நடந்தார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு ஒன்பது வயது. உல்லாசப் பயணம் என்று நம்பிப் பட்டுப்பாவாடை கட்டி வந்திருந்த எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்பா கொள்ளேகாலிலிருந்து வந்து மைசூரில் மொசைக் தரை போட்டுக்கொண்டிருந்தார். பத்து வருடமாக இன்னொருவருக்குக் கீழே வேலை. ஊரின் விஜயநகர் பகுதியில் வீடு கட்டிய ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி ஒருவர், ஹாலைச் சுற்றி அரண்மனையில் இருப்பதுபோலப் பூக்கரை போட்டுத் தந்தால் மொத்தத் தரையும் அப்பாவுக்கே என்று சொல்லியிருந்தார். அது கிடைத்தால் அப்பாவும் ஒரு மேஸ்திரி. அதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம்.

மண்டபத்தில் அப்பா குந்தி உட்கார்ந்து டேப்பை இழுத்ததுமே காவலாளி வந்துவிட்டார். "ஏனப்பா, எத்தேளு, எத்தேளு" என்று கன்னடத்தில் எழுப்பிவிட்டார். அப்பா டேப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"கண்ணு, இந்தப் பெரிய பூவுல இருந்து அடுத்த பூ வரைக்கும் காலுக்கு முன்னால காலை ஒட்டி வெச்சு நட. எத்தனை காலுன்னு எண்ணு."

செருப்பை வெளியிலேயே வாங்கி வைத்துவிடுவது அன்று வசதியாகப் போயிற்று. வெறுங்காலோடு நடந்தேன். குழந்தை விளையாடுகிறது என்று நினைத்த காவலாளி, வந்தவர்களை விலக்கி எனக்கு வழிகூட விட்டார். அந்த மரியாதையில் எனக்குத் தலைகால் புரியவில்லை, எண்ணிக்கை தவறிவிட்டது. ஏழா, எட்டா? "எட்டுப்பா" என்றேன் துணிந்து. அப்பா தலையாட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் என் பாதத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து, அளந்து, சட்டைப்பையில் மடித்து வைத்தார்.

ஒரு மாதம் கழித்து அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, பூக்கரை ஹாலைச் சுற்றிவந்து வாசற்படி அருகே நின்றுபோயிருந்தது. மிச்சம் ஒரு சாண் இடம். அதில் ஒரு பூ கொள்ளாது. நான் சொன்ன பொய்தான் அங்கே காலியாகக் கிடக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தது. சாப்பாட்டை அப்பா பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். அப்பா சாப்பாட்டைத் தொடாமல் அந்த இடத்தில் ஒரு மொக்கு வரையத் தொடங்கினார்.

பாலிஷ் முடிந்த அன்று வீட்டுக்காரர் வந்தார். "ஏன் மேஸ்திரி, அரண்மனைல இந்த மொக்கு கிடையாதே?"

"கிடையாதுங்க. இது உங்க வீட்டுக்கு மட்டுந்தான். அளவு எம்பொண்ணு எடுத்ததுங்க."

மாட்டிவிட்டார் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். பிறகு, "இங்க வந்து பாரேன்" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த வருடமே அதே தெருவில் இரண்டு வீடுகள், வாசலில் மொக்கோடு வேண்டும் என்று கேட்டு வந்தன.

கட்டிடக்கலை படிக்கப் போனபோது, எந்த வீட்டின் சுவரும் வரைபடத்தில் உள்ளபடி நிற்பதில்லை என்று அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு விடுமுறையில் அப்பாவின் கருவிப் பெட்டியில் அந்தத் தாள் அகப்பட்டது. என் குட்டிப் பாதத்துக்குள் அப்பாவின் கையெழுத்தில் ஒரே ஒரு எண்: ஏழு. பக்கத்தில் நடந்தபடி அவரும் எண்ணியிருக்கிறார், அந்த எண்ணை வைத்தே பூக்களைப் போட்டிருக்கிறார். அளவு பிசகவில்லை, அந்த வீட்டுச் சுவர் கோணியதால் வந்த இடைவெளி அது. எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அன்று அவர் மாட்டிவிடவில்லை, தன் முதல் தரையில் எனக்கும் பங்கு கொடுத்தார். கதவுக்குப் பின்னால் நின்றவளுக்கு அது புரியவில்லை.