போதகரின் தங்கை மேடை ஏறினாள்

சபையில் எல்லாருக்கும் அவள் 'கமா அக்கா'. அச்சகத்தில் பிழை திருத்துவது அவளுக்கு வேலை. சபையின் மாத இதழையும் பதினான்கு வருடமாக அவள்தான் திருத்தினாள். போதகர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

ஒருமுறை இதழில், இயேசு உயிர்த்தெழுந்த காலையை நான்கு சுவிசேஷங்களிலிருந்தும் எடுத்து ஒரே பக்கத்தில் போட்டிருந்தார்கள். கல்லறைக்குப் போனது ஒன்றில் ஒரே பெண், ஒன்றில் இரண்டு பேர், இன்னொன்றில் மூன்று பேர், மற்றதில் அதற்கும் மேல். தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அண்ணனிடம் நீட்டினாள்.

"நீ கமா, புள்ளி பாத்தா போதும்மா. வேதத்தையே திருத்தப் போறியா?" என்று அவர் சிரித்தார்.

அவளும் சிரித்துவிட்டுத்தான் வந்தாள். ஆனால் அன்றைக்கே வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தாள். இரண்டு வருடம், ஜெபித்துக்கொண்டே படித்தாள். ஒரு நாள் நெரிசலான பேருந்தில், கம்பியைப் பிடித்தபடி மனசுக்குள் ஜெபிக்கும்போது, கேட்க யாருமே இல்லை என்று பட்டது. பயம் வரும் என்று காத்திருந்தாள். வந்ததோ தலைகால் புரியாத சந்தோஷம். இறங்கவேண்டிய நிறுத்தத்தையே கோட்டைவிட்டாள்.

"இனிமே சபைக்கு வரலண்ணா. நம்பிக்கை போயிடுச்சு. நடிக்க முடியல."

எட்டு மாதம் அண்ணன் பேசவில்லை. சபைப் பெண்கள் சிலர் மட்டும் ரகசியமாக ஃபோன் செய்தார்கள். "எனக்கும் அப்படித்தான் இருக்குக்கா. வெளிய சொல்ல பயமா இருக்கு." ஏழாவது அழைப்பு வந்த அன்று நூலக அரங்கைப் பதிவு செய்தாள். 'நான் ஏன் கடவுளை நம்புவதில்லை' என்று நோட்டீஸ் ஒட்டினாள்.

எண்பது நாற்காலி, இருநூறு பேர். மேடை ஏறியவள், பேச ஆரம்பித்ததும் வெளுத்து வாங்கினாள். முடித்தபோது முன்வரிசையில் எழுந்து மைக்கை வாங்கியது அண்ணன்.

"அப்பா ஆறு மாசம் படுக்கையில கிடந்தாரே, கடவுள் இல்லன்னா யாருக்குப் பயந்து அவரப் பாத்துக்கிட்ட?"

"யாருக்குண்ணா பயப்படணும்? அவரு நம்ம அப்பா."

அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. அண்ணன் உட்காரவில்லை. "அடுத்த கூட்டத்துல நானும் பேசுவேன். சரிசமமா நேரம் வேணும்."

"அரை மணி. ஒரு நிமிஷம் கூடத் தர மாட்டேன்!"

இதுவரை பத்தொன்பது ஊர்களில் இருவரும் நேருக்கு நேர் வாதாடியிருக்கிறார்கள். யாரும் யாரையும் மாற்றவில்லை. ஒரே காரில்தான் போவார்கள். வழியெல்லாம் சண்டை. வண்டி ஓட்டும் அண்ணிதான் அதட்டுவாள்:

"மேடைக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க, ரெண்டு பேரும்!"