முதுகில் கொளுக்கி

லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் பிளவுஸ் தைப்பவர் யோகமலர் அக்கா. மகனின் படிப்புக்காகப் பாரிசிலிருந்து வந்தவர். கடையைக் கைமாற்றிவிட்டு வருவதாகச் சொன்ன கணவர் தவராசா அண்ணை இன்னும் அங்கேதான். மகன் படித்து முடித்து மான்செஸ்டருக்கு வேலைக்கும் போய்விட்டான். அண்ணையின் கடைக்குத்தான் ஆள் கிடைத்தபாடில்லை.

போன மாசியில் துளசி நிலம்வரை நீண்ட ஒரு பழைய சட்டையோடு வந்தாள். மலேசியப் பெண். காட்சிக்கு வைத்திருக்கும் ஒரு பிரபு வீட்டில், அந்தக் காலத்து உடுப்போடு ஆட்களுக்குச் சுற்றிக்காட்டுவது அவள் வேலை. நூற்றிருபது வருடங்களுக்கு முன் சீமாட்டிகள் பின்னேரங்களில் விருந்தாளிகளோடு தேநீர் குடிக்க உடுத்த சட்டை அது. துணி இற்றுவிட்டது, அதே மாதிரி இன்னொன்று வேண்டுமாம்.

அக்கா மேசையில் விரித்தார். நுளம்பு வலைபோல் மெல்லிய வெள்ளைப் பருத்தி. நெஞ்சில் நூல் அகலத்தில் மடிப்புகள், இடையிடையே துணியை வெட்டிவிட்டுப் பொருத்திய லேஸ். முன்பக்கம் புறாவின் நெஞ்சுபோல் இடுப்புக்கு மேல் பொம்மித் தொங்கவேண்டும். அது சரியாமல் பிடிக்க உள்ளே இறுக்கமான லைனிங், இடுப்பில் ஒரு நாடா. காதடி வரை ஏறும் கழுத்துப்பட்டி, அது மடங்காதிருக்க உள்ளே சின்னக் கம்பிகள். பாவாடை இடுப்பில் சுருக்கமின்றிப் படிந்து, கீழே விரிந்து, பின்னால் நிலத்தில் இழுபடும்.

அக்கா தைத்த புதுச் சட்டையில் எல்லாம் அப்படியே வந்தது, ஒன்றைத் தவிர. துளசி அளவு பார்க்க வந்த அன்று நானும் என் பிளவுஸ் எடுக்கப் போயிருந்தேன்.

"அக்கா, கொக்கியெல்லாம் பின்னாடி இல்ல இருந்துச்சு? முன்னாடி வச்சிருக்கீங்க!"

"ஓம், பார்த்தனான். பின்னாலை வைச்சால் தனிய எப்பிடிப் போடுறது?"

"தனியா போட மாட்டாங்கக்கா. மாட்டி விடுறதுக்குன்னே ஒரு ஆள் இருக்கும்."

"குடுத்து வைச்சவளவை," என்று சிரித்தார் அக்கா. பிறகு தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

துளசியும் அக்காவும் ஒரே அளவு. திருத்தி முடித்த பின்னேரம் அக்கா தானே அதைப் போட்டுக்கொண்டு அண்ணைக்கு வீடியோவில் அழைத்தார். நான் கதிரையில் இருந்தேன்.

"என்னப்பா வேசம்? நாடகத்துக்கோ?"

"திரும்பிறன், பாருங்கோ." முதுகு திறந்து கிடந்தது. "கை எட்டேல்லை."

"பக்கத்து வீட்டிலை ஆரையேனும் கூப்பிடன்."

"கூப்பிட ஏலும். நீங்கள் எப்ப வாறியள்?"

"பொறு, கடைக்குச் சனம் வந்திட்டுது." அண்ணை போனைக் கவிழ்த்து வைத்தார் போலும், திரை கறுத்தது. நான் கொளுவிவிட எழுந்தேன். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார்.

இப்போது ஆர்ச்வே முருகன் கோயில் திருவிழாவுக்குத் தனக்கென்று ஒரு பிளவுஸ் தைக்கிறார். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கொளுக்கிகள் பின்னால்.

"இதை ஆர் அக்கா கொளுவுறது?"

"அவருக்குச் சொல்லிப்போட்டன், கொளுக்கி பின்னாலை எண்டு. 'சரி' எண்டவர்."

"வராட்டி?"

"முன்னாலை கொளுக்கி வைச்சது அலுமாரி நிறையக் கிடக்குத்தானே," என்றபடி அடுத்த கொளுக்கியை எடுத்தார்.